லொரெய்ன் மோட்டல்: சுவிட்ச்போர்டில் இருந்த அம்மாவை யாராவது நினைத்தீர்களா?

நைட்_ஆடிட்:
மெம்பிஸில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட லொரெய்ன் மோட்டலுக்குப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். 306ஆம் அறை, பால்கனி, சிவப்பு வெள்ளை மலர்வளையம், கீழே நிற்கும் பழைய கார்கள் எல்லாம் தெரிந்ததுதான். எனக்குள் ஓடிக்கொண்டே இருப்பது வேறு.

நாஷ்வில்லில் ஓட்டல் ரிசப்ஷனில் வேலை, ஒன்பது வருஷமாக இரவு ஷிஃப்ட். போன மாதம் லீவு கிடைத்ததும் லொரெய்னுக்குப் போனேன். எல்லோரும் அண்ணாந்து பால்கனியைப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்ற வயதான கறுப்பின அம்மா ஒருவர் மட்டும் தரையைப் பார்த்தபடி, "ஃபோனை எடுக்க ஆளில்லாமல் போச்சு" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

1968 ஏப்ரல் 4 மாலை. கிங் மேல் குண்டு பாய்ந்ததும் அறைக்குள் ஓடிய பாதிரியார் ஆம்புலன்ஸுக்காக ஃபோனைத் தூக்குகிறார். வெளி லைன் ஆபீஸ் சுவிட்ச்போர்டு வழியாகத்தான் கிடைக்கும். அங்கே உட்கார்ந்திருந்த லோரீ பெய்லி சத்தம் கேட்டு வெளியே வந்துவிட்டார். கண்ணால் பார்த்தார். அன்றைக்கே விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. ஏப்ரல் 9, கிங்கை அடக்கம் செய்த அதே நாளில் அவரும் போய்விட்டார்.

கணவர் வால்ட்டர் பெய்லி 1945இல் அந்த இடத்தை வாங்கி, மனைவியின் பெயரை ஒட்டி லொரெய்ன் என்று வைத்தவர். ஊரில் நல்ல ஓட்டல்களெல்லாம் கறுப்பர்களுக்குக் கதவைச் சாத்திய காலம். லூயி ஆம்ஸ்ட்ராங், ரே சார்ல்ஸ் போன்ற பெரிய இசைக் கலைஞர்களே இங்கே வந்துதான் படுத்தார்கள். இந்தத் தம்பதியைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

ஹார்லெம்_பஸ்:
அண்ணா, படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்லணும், பெய்லி முதலாளி. சம்பளத்துக்கு ஓட்டலை நடத்தும் மேனேஜர் வேறு. அவருக்குச் சாவிக்கொத்து இடுப்பில் இருக்கும், கட்டடம் இன்னொருவருடையது. அந்த மேனேஜர் நாற்காலியில் ஒரு கறுப்பர் உட்கார்ந்ததுதான் எனக்குப் பெரிசு.

நியூயார்க் 125ஆம் தெருவில் ஹோட்டல் தெரெசா, 13 மாடி, வெள்ளை வெளேரென்று. 1913இல் திறந்தது. சுற்றிலும் ஹார்லெம், கறுப்பின மக்கள். உள்ளே அவர்களுக்கு இடமில்லை. 1940இல்தான் அவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள், கறுப்பரான வால்ட்டர் ஸ்காட் மேனேஜராக வந்தார். 1960இல் காஸ்ட்ரோ தங்கியதும், நேரு அவரைப் பார்க்க அங்கேயே போனதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது அது ஆபீஸ் கட்டடம். பல வருஷம் முன்பு அதன் வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு தாத்தா பேச்சுக் கொடுத்தார். அவர் அப்பா அங்கே பெட்டி தூக்கியவராம். தன் நிறத்து மேனேஜரைப் பார்த்து முதல் தடவை 'சார்' என்று சொன்ன அன்று அப்பாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டதாம். சொல்லிக்கொண்டிருந்த தாத்தாவுக்கும் அடைத்தது. என் பஸ் போய்விட்டது, நான் ஏறவில்லை.

கேட்டரிங்_94:
ஹார்லெம் தங்கச்சி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டுக்காரம்மாவே சுவிட்ச்போர்டில் உட்காரும் இடத்தில் முதலாளி ஏது, மேனேஜர் ஏது? அடைத்துக்கொண்ட குழாய்க்கும் பெய்லிதான், கணக்குக்கும் பெய்லிதான். ஓட்டல் நடத்திய கறுப்பர்களில் முன்னோடி யார் என்று தேடினால் 1871லேயே வாஷிங்டனில் பெரிய ஓட்டல் நடத்திய ஜேம்ஸ் வோர்ம்லி வரைக்கும் போகணும்.

என் அனுபவம் சின்னது. அலபாமாவில் இருக்கும் பர்மிங்ஹாமில் காஸ்டன் மோட்டல் வாசலில் மழையில் நின்றேன், பூட்டியிருந்தது. கறுப்பினத் தொழிலதிபர் ஏ.ஜி. காஸ்டன் 1954இல் கட்டியது. கிங் 30ஆம் அறையில் இருந்துதான் நிறப் பாகுபாட்டுக்கு எதிரான 1963 போராட்டத்தை நடத்தினார். அந்த மே 11 ராத்திரி அங்கே குண்டு வைத்தார்கள். அந்த வாசலில் ஐந்து நிமிஷம் நின்றாலே கால் நகராது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மெம்பிஸையும் பர்மிங்ஹாமையும் ஒரே பயணத்தில் வையுங்கள், காரில் நாலு மணி நேரத்துக்குள் வந்துவிடும். திறந்திருக்கும் நாளை முன்னாடியே பாருங்கள், என்னை மாதிரி ஏமாறாதீர்கள். லொரெய்ன் இப்போது மியூசியம், அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் மெம்பிஸ் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைக் காரிலேயே சொல்லிவிடுங்கள். குப்பை வண்டியில் நசுங்கி இருவர் இறந்த பிறகு 1300 பேர் வேலையை நிறுத்தினார்கள். கிங் அந்த ஊருக்கு வந்ததே அவர்களுக்காக. அது தெரியாமல் பால்கனியைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு அது வெறும் பால்கனிதான். வயசானவர்களோடு போனால் உட்கார இடம் பார்த்துக்கொள்ளுங்கள், நடை அதிகம்.

நைட்_ஆடிட்:
முதலாளியா மேனேஜரா என்ற பேச்சு இருக்கட்டும். ஒன்று விட்டுப்போச்சு.

பெய்லி அதற்குப் பிறகும் மோட்டலை நடத்தினார். 306ஐ மட்டும் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. ஹவுஸ்ஃபுல் ராத்திரியில் குழந்தையோடு ஒருவர் கவுண்டரில் வந்து நிற்கும்போது ஒரு அறையைப் பூட்டியே வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதுவும் வியாபாரம் படுத்து, கடன் ஏறிக்கொண்டிருந்தபோது. 1982இல் மோட்டல் ஏலத்துக்கு வந்தது. ஒரு அறக்கட்டளை 1,44,000 டாலருக்கு எடுத்துக் காப்பாற்றியது. மியூசியம் திறந்தது 1991இல். பெய்லி 1988லேயே காலமாகிவிட்டார்.

அத்தனை வருஷமும் அந்தச் சாவியை அவர் எந்தக் கொக்கியில் மாட்டி வைத்திருந்தார் என்று அங்கே வேலை பார்ப்பவர்களிடம் கேட்டிருக்கலாம். கேட்காமல் வந்துவிட்டேன்.