அடி மேல் அடி வாங்கிய வாஷிங்டன் கடைசியில் ஜெயித்தது எப்படி?

மழைக்காகம் கேட்டது:
அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1776 ஜூலையில் சுதந்திரப் பிரகடனம், ஆகஸ்ட் முடிவதற்குள் லாங் ஐலண்டில் செம அடி, அப்புறம் நியூயார்க்கே கைவிட்டுப் போகிறது. அடுத்த வருஷம் பிராண்டிவைன், ஜெர்மன்டவுன் இரண்டிலும் தோல்வி, காங்கிரஸ் (காலனிகளின் பிரதிநிதிகள் சபை) கூடிக்கொண்டிருந்த பிலடெல்பியாவும் போச்சு. வாஷிங்டன் தலைமையில் இப்படிப் பின்வாங்கிக்கொண்டே இருந்த காலனிப் படை பிரிட்டனை எப்படி வென்றது? பிரான்ஸ் உதவியது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவ்வளவுதானா?

ஒற்றைத்துடுப்பு:
இரண்டு பக்கத்துக்கும் வேலை ஒன்றல்ல. பிரிட்டன் 13 காலனிகளையும் பிடிக்க வேண்டும், பிடித்ததை விடாமல் வைத்திருக்கவும் வேண்டும். வாஷிங்டனுக்கோ படை கலையாமல் இருந்தாலே போதும். பிலடெல்பியா விழுந்ததும் காங்கிரஸ் யார்க் என்ற சின்ன ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டு போய் அங்கே கூட்டத்தைத் தொடர்ந்தது, ஊரைப் பிடித்ததால் போர் முடியவில்லை. லண்டனிலிருந்து ஓர் உத்தரவு அட்லாண்டிக்கைத் தாண்டி வரவே வாரக்கணக்கில் ஆகும், வந்து சேரும்போது இங்கே நிலைமை மாறியிருக்கும். துறைமுகங்களில் பிரிட்டிஷ் கப்பல்கள் ராஜா, ஆனால் உள்நாட்டுக்குள் போகப்போக சாப்பாடு, தீவனம் எல்லாமே திண்டாட்டம். கனடாவிலிருந்து இறங்கி வந்த பிரிட்டிஷ் தளபதி பர்கோய்ன் இப்படித்தான் சரடோகாவில் சிக்கி 1777 அக்டோபரில் படையோடு சரணடைந்தார். பிரான்ஸ் வெளிப்படையாக ஒப்பந்தம் போட்டது அதற்குப் பிறகு, 1778 பிப்ரவரியில். ஜெயிக்கிற குதிரை என்று தெரிந்த பிறகுதான் பணம் கட்டினார்கள்.

உப்புக்காற்று:
மேலே சொன்னதில் பாதிக்குத்தான் உடன்படுகிறேன். ஒப்பந்தத்துக்கு முன்பே பிரான்ஸ் ரகசியமாக வெடிமருந்தும் துப்பாக்கியும் அனுப்பிக்கொண்டிருந்தது, அது இல்லாவிட்டால் சரடோகாவே சந்தேகம். கடைசி அடியைப் பாருங்கள்: 1781ல் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் (ஆமாம், பின்னால் இங்கே வந்து திப்புவின் இரண்டு மகன்களைப் பிணையாக வாங்கிய அதே ஆள்தான்) கடல் வழியாக உதவி வரும் என்று நம்பி வர்ஜீனியாவின் யார்க்டவுனில் உட்கார்ந்திருந்தார். செப்டம்பர் 5 அன்று செசபீக் விரிகுடா வாயிலில் தி கிராஸ் தலைமையிலான பிரெஞ்சுக் கப்பல்கள் பிரிட்டிஷ் கப்பல்களைத் தடுத்துத் திருப்பிவிட்டன, கடல் பக்கம் வழி அடைபட்டது, தரைப் பக்கம் வாஷிங்டனும் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவும் சூழ்ந்தார்கள், அக்டோபர் 19ல் சரண். முற்றுகையிட்ட தரைப்படையிலும் கிட்டத்தட்ட பாதிப் பேர் பிரெஞ்சுக்காரர்கள்தான். 1779லேயே ஸ்பெயினும் போரில் இறங்கிவிட்டதால் பிரிட்டன் தன் கப்பல்களை கரீபியன், ஜிப்ரால்டர் என்று பிரித்து அனுப்ப வேண்டியிருந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழையவரைபடம்:
இரண்டு பேருமே காலனிக்காரர்கள் எல்லோரும் ஒரே கட்சி என்கிற மாதிரி பேசுகிறீர்கள். அரசர் பக்கம் நின்ற காலனிக்காரர்கள் நிறையப் பேர், தெற்கே கரோலினா பகுதிகளில் பக்கத்து வீட்டுக்காரர்களே ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். 1775 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கிளர்ச்சிக்காரர்களிடமிருந்து தப்பி வந்து அரசருக்காக ஆயுதம் தூக்கும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தார். அந்தக் கறுப்பினத்தவர்களுக்கு விடுதலை தருவதாகச் சொன்னது பேரரசு, சுதந்திரம் பேசியவர்கள் எஜமானர்கள்! 1783 பாரிஸ் ஒப்பந்தத்துக்குப் பிறகு அரசர் ஆதரவாளர்கள் பல்லாயிரம் பேர் நாட்டை விட்டே போனார்கள், கனடாவிலுள்ள நோவா ஸ்கோஷியாவுக்குப் போனவர்களில் விடுதலை பெற்ற கறுப்பினத்தவர்களும் இருந்தார்கள்.

மழைக்காகம்:
டன்மோர் விஷயம் நான் படிக்கிற புத்தகத்தில் இதுவரை வரவில்லை. கரோலினா சண்டைகளைப் பற்றித் தனி இழை திறக்கிறேன், மூன்று பேரும் அங்கே வாருங்கள்.