வலது சொடுக்குப் பட்டியலை மாற்றிய அனுபவங்கள்

கும்பகோணம்:
எங்கள் டிடிபி கடைக்குக் குடமுழுக்கு மலர்க் கட்டுரைகள் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த நாளில் நடந்தது இது. வரிக் கடைசி இடைவெளிகளையும் வெற்று வரிகளையும் நீக்கும் கட்டளைகள் நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற உரைத் திருத்தியின் உள்பட்டியல்களில் ஒளிந்திருப்பதால், உடன் பணிபுரியும் அம்மா ஒவ்வொரு முறையும் தேடிச் சலித்தார். ஆகவே வலது சொடுக்குப் பட்டியலில் என்னென்ன வர வேண்டும் என்பதைக் குறித்துவைக்கும் கான்டெக்ஸ்ட்மெனு எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து, இடைமுகம் தமிழில் இருந்ததால் அதில் கண்ட தமிழ்ப் பெயர்களையே எழுதிச் சேமித்து, மென்பொருளை மூடித் திறந்து, "இப்போது வலது சொடுக்குப் போட்டுப் பாருங்கள்" என்றேன். புதிதாக ஒரு வரிகூட இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் சுட்டியைப் பழையபடி மேல் பட்டியலுக்கே கொண்டுபோனார். அந்த அமைதி இன்றும் என்னை உறுத்துகிறது. கட்டளைப் பெயர்களை ஆங்கிலத்திலேயே தர வேண்டும் என்று அந்தக் கோப்பிலேயே எழுதியிருப்பதை மாலையில்தான் படித்தேன்.

மயிலாடுதுறை:
என் கணக்கில் நுழைந்து மாற்றியது தம்பியின் கணக்கில் வரவில்லை. கோப்பு ஒவ்வொரு பயனருக்கும் ஆப்டேட்டா என்ற அமைப்புகள் கோப்புறையில் தனித்தனியாக இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது. ஆனால் கும்பகோணத்து நண்பர் ஆங்கிலம் என்பதோடு நிறுத்தியதை நான் ஏற்கவில்லை. கட்டளை இருக்கும் மேல் பட்டியலைக் குறிக்கும் மெனுஎன்ட்ரிநேம், கட்டளையைக் குறிக்கும் மெனுஐட்டம்நேம் ஆகிய இரண்டும்தான் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அதே வரியில் ஐட்டம்நேம்ஆஸ் என்று சேர்த்து "வெற்று வரிகளை நீக்கு" எனத் தமிழில் எழுதினால், அந்த அம்மா படிப்பது தமிழாகவே இருக்கும். ஃபோல்டர்நேம் கொடுத்தால் தொடர்புடைய கட்டளைகள் ஒரே உள்பட்டியலில் அடங்கும், ஐடி சுழியம் என்றால் பிரிகோடு விழும். தமிழ் எழுத்துகள் சிதையாமலிருக்க, கோப்பை யுடிஎஃப்-8 குறியாக்கத்திலேயே சேமியுங்கள். தொடுமுன் ஒரு நகலும் எடுத்துவையுங்கள்.

மன்னார்குடி:
ஐயா, உள்பட்டியலில் ஒளிந்திருப்பதுதான் அந்த அம்மாவின் சிரமமே, மறுபடியும் உள்பட்டியலா? அன்றாடம் வேண்டிய நான்கைந்து கட்டளைகள் முதல் பார்வையிலேயே தெரிய வேண்டும். ஆனால் நானும் அளவு மீறிக் கழித்திருக்கிறேன். எங்கள் கணினி மையத்தில் பட்டா மனு தட்டச்சு செய்ய வந்த பெரியவர், வலது சொடுக்குப் போட்டு, பட்டியலை மேலிருந்து கீழ்வரை இருமுறை பார்த்துவிட்டு, "ஒட்டுறது எங்கேப்பா போச்சு?" என்று கேட்டார். வேண்டாதவற்றை நீக்கும்போது பேஸ்ட் வரியையும் நான் அழித்திருந்தேன்.