எக்கினேசியா செடிக்கு மழையில் அடி அழுகல்: யோசனை சொல்லுங்கள்

மாடித்தோட்ட நண்பர்களுக்கு வணக்கம். இடம் வேளச்சேரி, மொட்டை மாடி, 12 அங்குலப் பைகள். எக்கினேசியா (நடுவில் கூம்பு வைத்த பூச்செடி) வளர்க்கிறேன்: 'சியென் ஸ்பிரிட்' ரக விதையில் வந்த செடிகள் ஆறு, திசு வளர்ப்பில் வந்த ஆரஞ்சுக் கலப்பினம் இரண்டு.

விதையை ஈர மணலோடு ஃபிரிட்ஜில் 4 வாரம் வைத்து, அரை செ.மீ. ஆழத்தில் ஊன்றியதில் நன்றாகவே முளைத்தது. சிக்கல் ஐப்பசி மழை பிடித்த பிறகுதான். மண் ஈரமாக இருக்கும்போதே இலை துவள்கிறது. லேசாக இழுத்தால் தண்டு கையோடு வருகிறது. அடி பழுப்பாகக் குழைந்து வாடை அடிக்கிறது. கலப்பினம் இரண்டும்தான் முதலில் போயின. கலப்பினங்களுக்கு மஞ்சள், ஆரஞ்சு நிறம் தரும் பாரடாக்ஸா என்ற எக்கினேசியா இனம் அமெரிக்காவின் ஓசார்க் பகுதியில் கல்லும் சரளையுமான வறண்ட நிலத்துச் செடி. அந்தக் கலப்புக்கு ஈரம் தேங்கினால் ஆகாது போலும்.

கலவை: செம்மண், கோகோபீட் (தென்னை நார்த்தூள்), மண்புழு உரம் சம பங்கு. கோகோபீட் நீரைப் பிடித்து வைத்ததே தப்பு என்று படுகிறது. அடுத்த முறை செம்மண் 2, ஆற்று மணல் 2, உரம் 1. வேர்க்கழுத்து மண்மட்டத்துக்குச் சற்று மேலே. இது போதுமா, மழைக்குப் பாலிதீன் கூரையும் வேண்டுமா? மே வெயிலுக்கு 35 சதவீத நிழல்வலையா, 50ஆ?

இன்னொன்று: ஒரு செடியில் பூவின் நடுக்கூம்பு உச்சியிலிருந்து பச்சைக் கொத்து கிளம்புகிறது, இலை மஞ்சளாகவில்லை. எரியோஃபைட் சிலந்தி (கண்ணுக்குத் தெரியாத நுண்பேன்) என்றால் பூவை வெட்டினால் போதும். தத்துப்பூச்சி பரப்பும் ஃபைட்டோபிளாஸ்மா (பாக்டீரியா போன்ற நோய்க்கிருமி) என்றால் வேரோடு பிடுங்க வேண்டும். நேரில் பார்த்தவர்கள் எப்படிப் பிரித்தறிகிறீர்கள்? பக்கத்துப் பையில் சாமந்தி இருப்பதால் சீக்கிரம் சொன்னால் உதவியாக இருக்கும்.