ஸ்பிதிக்கு செப்டம்பரில் சைக்கிள்: சோதனை ஓட்டத்திலேயே மூன்று பஞ்சர், கேரியர் போல்ட் முறிந்தது. எதை மாற்றுவது?

கோவை_பெடல்

வணக்கம். இமாச்சலத்தின் ஸ்பிதி மலைப் பள்ளத்தாக்குக்கு சைக்கிளில் பயணம்: சிம்லாவில் ஆரம்பித்து கின்னோர், காஸா, குன்சும் கணவாய் வழியாக மணாலி வரை போகத் திட்டம். மொத்தம் 620 கிலோமீட்டர் வரும். லீவு 18 நாள்; ரயில், பஸ்ஸுக்கே 5 நாள் போய்விடும்.

வண்டி ஆறு வருடப் பழைய ஹார்ட்டெயில் எம்டிபி (முன்னால் மட்டும் ஸ்பிரிங் உள்ள மலை சைக்கிள்). 27.5 சக்கரம், ட்யூபோடு 2.1 டயர், முன்னால் 42-32-22 பல் உள்ள மூன்று பல்சக்கரம், பின்னால் 11 முதல் 32 பல் வரை 8 கியர், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக். என் எடை 78 கிலோ.

போன ஞாயிறு கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் மண்பாதையில் பின் கேரியரில் 16 கிலோ கட்டி ஓட்டிப் பார்த்தேன் (அரிசிப் பையும் தண்ணீர் கேனும்தான் லக்கேஜ்). 40 கிலோமீட்டருக்குள் பின் ட்யூப் மூன்று தடவை போனது. டயருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். முள், ஆணி எதுவும் இல்லை. திரும்பும்போது கேரியரின் இடதுபக்கக் கீழ் போல்ட் முறிந்தது. தலை எங்கேயோ விழுந்துவிட்டது, மீதி ஃபிரேமுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. கயிறு கட்டி வீடு வந்து சேர்ந்தேன்.

கடையில் கேட்டால், "முன்னால் மூன்று பல்சக்கரமெல்லாம் பழைய காலம், ஒற்றை 32 போட்டு பின்னால் 11-42 போடுங்கள்" என்கிறார்கள். கையில் 15,000 ரூபாய்தான் இருக்கிறது. எதை மாற்றட்டும்? டென்ட், அடுப்பு வேண்டுமா?

சேலம்_ஸ்பேனர்

ட்யூபில் ஓட்டை ஒன்றா, பக்கத்துப் பக்கத்தில் இரண்டா? காற்று எவ்வளவு வைத்திருந்தீர்கள்?

கோவை_பெடல்

இரண்டு அண்ணா. ஒரு விரல் இடைவெளியில் ஒரே மாதிரிக் கீறல்கள். குலுங்காமல் இருக்கட்டும் என்று இரண்டு டயருக்கும் 24 பிஎஸ்ஐ.

சேலம்_ஸ்பேனர்

நினைத்தேன். அதைப் பாம்புக்கடி பஞ்சர் என்போம். கல்லில் ஏறும்போது டயர் முழுதாக அமுங்கி, ரிம்மின் இரண்டு விளிம்பும் ட்யூபைக் கல்லோடு சேர்த்து நசுக்கிவிடும். முள்ளைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? உங்கள் எடையில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பின்சக்கரத்தில். 16 கிலோவையும் அதன் தலையிலேயே ஏற்றிவிட்டு 24 வைத்தால் போகத்தான் செய்யும். இதே ட்யூபோடு பின்னால் 36, முன்னால் 30 வைத்து அதே பாதையில் ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் டயர். செயின் ஸ்டேவுக்கும் (பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் போகிற ஃபிரேம் குழாய்) டயருக்கும் நடுவே இரண்டு பக்கமும் 6 மி.மீ. இடம் மிஞ்சுமானால் 2.25 போடலாம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் சேறு அடைத்துக்கொள்ளும். ட்யூப்லெஸ் நல்லதுதான், ஆனால் உங்கள் ரிம் அதற்கென்று செய்யப்பட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் டேப்பைச் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம். காஸாவில் பீடு (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு) கழன்றால் அதை உட்கார வைக்க கம்ப்ரஸருக்கு எங்கே போவீர்கள்? ட்யூபே போதும், மூன்று ஸ்பேர் எடுங்கள்.

கியர் விஷயத்தில் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். கணக்குப் போடலாம். இப்போது உங்களிடம் உள்ள மிக லேசான கியர் 22-க்கு 32, அதாவது 0.69. அவர் சொல்வது 32-க்கு 42, அதாவது 0.76. பணமும் கொடுத்து, ஏற்றத்தில் மிதிக்க இன்னும் கனமான கியரை வாங்குகிறீர்கள்! உங்கள் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.15 மீட்டர். இப்போது ஒரு மிதி சுற்றுக்கு வண்டி ஒன்றரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 5.3 கிலோமீட்டர். புது செட்டில் அதே 60 சுற்றுக்கு 5.9-ல் போயாக வேண்டும். சமவெளியில் இது ஒன்றுமில்லை. 4,000 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்கும்போது அந்த அரை கிலோமீட்டர்தான் உங்களை இறங்கித் தள்ள வைக்கும். முன்னால் ஒற்றைப் பல்சக்கரமே வேண்டுமென்றால் பின்னால் 50 பல்லாவது இருக்க வேண்டும். அது உங்கள் பட்ஜெட்டில் வராது. புது செயின், புது 11-32 கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி), புது கேபிள் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

போல்ட்: இறுக்கமாக இருக்கும்வரை எடையைத் தாங்குவது போல்ட் அல்ல, இரண்டு இரும்புக்கும் நடுவே உள்ள உரசல். கொஞ்சம் தளர்ந்ததும் ஒவ்வொரு குலுங்கலுக்கும் போல்ட்டே வளைந்து நிமிரும். அதுதான் முறிந்திருக்கிறது. உள்ளே இருப்பதை லேத் கடையில் கொடுத்து எடுங்கள், நீங்களே துளைபோட்டு மரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

குன்னூர்_வாசி

தம்பி, இந்த வழியில் நான் 2022 செப்டம்பரில் போனேன். கேரியரையே கழற்றிவிடு. ஃபிரேம் முக்கோணத்துக்குள் பொருந்துகிற மாதிரி அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு போய், லாரி தார்ப்பாய் தைக்கிற கடையில் கொடுத்தேன். இரண்டு நாளில் பை தயார். டூல்ஸ், ட்யூப், சத்துமாவு எல்லாம் அதற்குள். கனமெல்லாம் நடுவில், கீழே. ஹேண்டில்பாரில் ஸ்லீப்பிங் பேக் மட்டும். சீட்டுக்குப் பின்னால் துணி. மொத்தம் 9 கிலோவைத் தாண்டவில்லை.

டென்ட், அடுப்பு இரண்டும் வேண்டாம். பூ, நாக்கோ, தாபோ, காஸா, லோசர் எல்லாவற்றிலும் ஹோம்ஸ்டே இருக்கிறது. பத்தாலிலும் சத்ருவிலும் சீசனில் தாபா உண்டு, அங்கேயே படுக்கலாம். ராஜ்மா சாவலும் தென்துக்கும் (திபெத்திய நூடுல்ஸ் சூப்) அலுத்துப் போகும், அவ்வளவுதான். ஊறுகாய்ப் பாக்கெட் பத்து எடுத்துக்கொள்.

உயரம்தான் முக்கியம். மணாலியிலிருந்து போகிறவர்கள் இரண்டாம் நாளே நாலாயிரத்தில் நிற்பார்கள், தலைவலியில் சுருண்டுவிடுவார்கள். நீ சிம்லா வழியாகப் போவது சரி. ஆனால் சிம்லாவிலிருந்து ரெக்காங் பியோ வரை லாரியும் புழுதியும்தான். நாள் குறைவு என்கிறாய், அந்தத் துண்டுக்கு அரசு பஸ் கூரையில் சைக்கிளைப் போட்டுவிடு. டீரெய்லர் (கியர் மாற்றுகிற கருவி) இருக்கிற பக்கம் மேலே பார்த்து இருக்கட்டும். அதற்குப் பிறகு பூ, அடுத்து நாக்கோ. பூவிலிருந்து நாக்கோ ஒரே நாளில் சுமார் ஆயிரம் மீட்டர் ஏற்றம். 3,000 மீட்டருக்கு மேல் ஒரு இரவிலிருந்து அடுத்த இரவுக்கு 500-க்கு மேல் கூடக் கூடாது என்பார்கள். அங்கே அதைக் காப்பாற்ற முடியாது, அதனால் நாக்கோவில் இரண்டு இரவு. தாபோ அதைவிடத் தாழ்வு, உடம்பு தேறிவிடும். 996-ல் கட்டிய மண் விகாரம் அங்கே இருக்கிறது, அரைநாள் அதற்கு வைத்துக்கொள். காஸாவில் மறுபடி இரண்டு இரவு. டயமாக்ஸ் (உயர நோய்க்கான மாத்திரை) வேண்டுமா என்பதை உன் டாக்டரிடம் கேள்.

காஸாவிலிருந்து லோசர் வரை நல்ல நாள். லோசரிலிருந்து குன்சும் 4,550 மீட்டருக்கு மேல். இறங்கினால் பத்தால். அங்கிருந்து கிராம்ஃபு வரை ஐம்பது கிலோமீட்டர்தான் உன் சோதனை: உருண்டைக் கற்கள், குறுக்கே ஓடைகள். பனி உருகி வருகிற தண்ணீர் அது. காலையில் கணுக்கால், மூன்று மணிக்கு முழங்கால். பத்தாலில் தூங்கி ஆறு மணிக்குக் கிளம்பு. ஓடையில் மிதிக்காதே, இறங்கித் தள்ளு. அதற்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

மலைமேல்_மாடு

டென்ட் வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 2018 செப்டம்பர் கடைசியில் அந்தப் பக்கம் திடீர்ப் பனியில் நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டார்கள். ஒற்றை ஆள் டென்ட் ஒன்றரை கிலோ.

குன்னூர்_வாசி

நியாயம்தான், ஆனால் அந்தப் பனியில் ஒன்றரைக் கிலோ டென்ட் தாங்காது, தாபாக்காரர்தான் காப்பாற்றுவார். செப்டம்பர் 20-க்குள் குன்சும் தாண்டுகிற மாதிரி வைத்துக்கொள். காஸாவில் வானிலை கேட்டு, சந்தேகமிருந்தால் ஏறாதே. குளிருக்கு நல்ல ஸ்லீப்பிங் பேக்கும் ஒரு அவசரக் கவர் பையும் போதும். ரொக்கம் எடுத்துக்கொள், சிக்னல் இல்லாத இடத்தில் யுபிஐ வேலை செய்யாது.

சேலம்_ஸ்பேனர்

இரண்டு சின்ன விஷயம். ஒன்று, டீரெய்லர் ஹேங்கர், அதாவது டீரெய்லரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் சின்னத் துண்டு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அது தனி; வண்டி சாய்ந்தால் முதலில் வளைவது அதுதான். உங்கள் ஃபிரேமுக்கு உள்ளதை இப்போதே வாங்கி, மாட்டிப் பார்த்துவிட்டுப் பையில் போடுங்கள். இரண்டு, பிரேக் பேட். ரோட்டரில் (டிஸ்க் பிரேக்கின் தகடு) "ரெசின் பேட் மட்டும்" என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். அப்படியானால் மெட்டல் பேட் போடக் கூடாது, ரோட்டர் தேய்ந்துவிடும். ரெசின் பேட் ஈரமணலில் சீக்கிரம் கரையும், இரண்டு ஜோடி ஸ்பேர் வேண்டும்.

விமானத்தில் போனால் பவர் பேங்க் கைப்பையில், கேஸ் குப்பி எதிலும் கூடாது.

கோவை_பெடல்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். ரோட்டரில் நீங்கள் சொன்ன எழுத்து அப்படியே இருக்கிறது! போல்ட்டை லேத் கடையில் எடுத்தாயிற்று, ஃபிரேம் பை தைத்தாயிற்று. மழையில் தையல் வழியாக ஒழுகியது, உள்ளே ரப்பர் பசை தடவியிருக்கிறேன். 36/30 காற்றில், 10 கிலோவோடு அதே பாதையில் 60 கிலோமீட்டர்: பஞ்சர் இல்லை. ஹேங்கர் முதல் கடையில் வாங்கியது பொருந்தவில்லை, திருப்பியும் எடுக்கவில்லை. வேறு இடத்தில் கிடைத்தது.

ஒரே சந்தேகம். இறக்கத்தில் பின் பிரேக் கிறீச்சென்று கத்துகிறது. பேட் புதுசு.

சேலம்_ஸ்பேனர்

பேட் புதுசு என்பதால்தான். ஒரு இறக்கத்தில் நல்ல வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு இருபது தடவை அமுக்கி விடுங்கள், முழுதாக நிறுத்தாமல். அப்படியும் கத்தினால் செயின் எண்ணெய் ரோட்டரில் பட்டிருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள், பேட்டை உப்புத்தாளில் லேசாகத் தேயுங்கள்.

கோவை_பெடல்

எண்ணெய்தான் அண்ணா. நானே தடவியது. சரியாகிவிட்டது. 6-ம் தேதி ரயில்.