டூர் டி பிரான்ஸ் விலகல் கணக்கு: கூட்டினால் ஆள் கூடுதலாக வருகிறது, எங்கே தவறு?

கேள்வி
2021 டூர் டி பிரான்ஸ் (பல நாள் நடக்கும் சைக்கிள் பந்தயம்) தரவை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டிருக்கிறேன். 184 பேர் கிளம்பி 141 பேர் பாரிஸ் சேர்ந்தார்கள். 43 பேர் விலகியிருக்க வேண்டும். எனக்கு அதைவிடக் கூடுதலாக வருகிறது. ஒவ்வொரு ஸ்டேஜிலும் (ஒரு நாள் ஓட்டம்) டிஎன்எஃப் (பாதியில் நிறுத்தியவர்), ஓடிஎல் (நேர வரம்பைத் தாண்டி வந்ததால் நீக்கப்பட்டவர்) குறிகளை எடுத்தேன். முடிவுக் கோட்டைத் தொட்ட நேரம் பதிவாகி, மறுநாள் ஸ்டார்ட் லிஸ்டில் இல்லாதவர்களை டிஎன்எஸ் (கிளம்பாதவர்) என்று போட்டேன். 9-ஆம் ஸ்டேஜில் விலகல் எகிறி நிற்கிறது. அதுதான் ஆபத்தான நாள் என்று சொல்லலாமா?

பதில் 1
ஓடிஎல் ஆனவரும் கோட்டைத் தொட்டவர்தான், மறுநாள் வராதவர்தான். உங்கள் விதி அவரை இரண்டு தடவை பிடிக்கிறது. 9-ஆம் ஸ்டேஜில் மட்டும் டெமார் என்ற வீரர் உட்பட 7 பேர் அப்படி. பிப் எண்ணை (வீரரின் சட்டையில் உள்ள எண்) வைத்து, ஒருவருக்கு முதல் விலகல் குறியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்தான நாள் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அன்று கிளம்பாத இருவரைப் பாருங்கள். ரோக்லிச் விழுந்தது 3-ஆம் ஸ்டேஜில். வான் டெர் போல் போனது ஒலிம்பிக்ஸுக்குத் தயாராக. 'விலகிய ஸ்டேஜ்', 'காரணம் நடந்த ஸ்டேஜ்' என்று ஸ்ப்ரெட்ஷீட்டில் இரண்டு நெடுவரிசை போடுங்கள். ஓடிஎல்லும் ஆபத்தின் அளவு அல்ல: வரம்பு வெற்றியாளர் நேரத்தின் சதவீதம், கூட்டமாகத் தாமதித்தால் நடுவர்கள் மன்னிக்கவும் செய்யலாம்.

பதில் 2
ஆள் எண்ணிக்கையை அப்படியே வரைபடமாக்காதீர்கள். 160 பேரில் 10 பேர் போனால் 6.25%, 120 பேரில் 10 என்றால் 8.3%. வகுக்க வேண்டியது அன்று உண்மையில் கிளம்பியவர்களால்; டிஎன்எஸ் ஆசாமி அன்றைய சாலையில் இல்லை, அவரை முந்தைய ஸ்டேஜுக்கும் இதற்கும் நடுவே உள்ள இடைவெளியில் சேருங்கள்.

மொத்த விகிதமும் ஏமாற்றும். 2022-இல் 176 பேர் கிளம்பி 135 பேர் முடித்தார்கள், அதாவது விலகல் 23.3%. 2021-இல் 23.4%. கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் 2022-இல் கொரோனா பாசிட்டிவ் ஆகி வெளியேறியவர்கள் பலர். விழுதல், நோய், நேர வரம்பு, அணித் தீர்மானம் என்று பிரிக்காமல் ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது.

கேள்வி கேட்டவர்
பிப் எண்ணை வைத்ததும் 43 வந்துவிட்டது. காரணம் தெரியாதவர்களை என்ன செய்வது?

பதில் 2
'தெரியவில்லை' என்றே தனி வகை. 'விழுதல்' பக்கம் தள்ளிவிட ஆசை வரும், வேண்டாம். நோய்க்கு அணியையும் குறியுங்கள்: ஒரே ஹோட்டல், ஒரே பஸ், மூவர் போனால் அதை மூன்று தனி நிகழ்வாக எண்ண முடியாது. பிழை வரம்புக்கு பூட்ஸ்ட்ராப் (தரவிலிருந்தே மறுபடி மறுபடி மாதிரி எடுத்துக் கணக்கிடுவது) செய்வதென்றால் வீரரை அல்ல, அணியை முழுசாக எடுங்கள்.