எல்.இ.எஸ். அனுபவங்கள்: தப்பு மாடலிலா, மெஷ்ஷிலா, ஸ்கீமிலா?

எல்.இ.எஸ். (large eddy simulation) என்பது கொந்தளிப்பின் பெரிய சுழல்களை மட்டும் நேரடியாகக் கணித்து, மெஷ்ஷில் (செல்களால் ஆன கணக்கீட்டு வலையில்) சிக்காத சின்ன சுழல்களின் விளைவை ஒரு மாடலிடம் விடும் முறை. முடிவு ஒத்துவராதபோது தப்பு மாடலிலா, மெஷ்ஷிலா, சமன்பாட்டை எண்களாக்கும் ஸ்கீமிலா என்ற கேள்விக்குப் பலர் பகிர்ந்த அனுபவங்கள் இவை.

கால்வாய்ப் பாய்வை எல்.இ.எஸ்.ஸில் ஓட்டுபவர்கள் முதலில் முட்டிக்கொள்வது ஸ்மகோரின்ஸ்கி மாறிலியில்தான். சின்ன சுழல்களின் விளைவை ஒரு கூடுதல் பாகுநிலையாக (சுழல் பாகுநிலை) காட்டும் ஸ்மகோரின்ஸ்கி மாடலில், அது எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் எண் இது. லில்லி 1967-ல் கணக்கிட்ட மதிப்பு ஏறக்குறைய 0.17. அது சுவரே இல்லாத, எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியான கொந்தளிப்புக்கு உரியது. டியர்டார்ஃப் 1970-ல் கால்வாய்க்கு எடுத்தது 0.1. மாறிலி வர்க்கமாக வருவதால், இந்த இரண்டுக்கும் நடுவே சுழல் பாகுநிலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு மாறும்.

ஓப்பன்ஃபோம் மென்பொருளில் இந்த மாறிலியை நேரடியாகக் கொடுக்க முடியாது. சி.கே. 0.094, சி.இ. 1.048 என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டும் சேர்ந்து தருவது 0.168. உங்களுக்கு 0.1 வேண்டுமானால் சி.இ.யைத் தொடாமல் சி.கே.யை 0.047 ஆக்குங்கள். பலர் சி.கே. இடத்திலேயே 0.1 என்று எழுதிவிடுகிறார்கள். அப்போது மாறிலி குறையாது, 0.176-க்கு ஏறிவிடும்.

* * *

மேலே சொன்னது சரி. ஆனால் மாறிலியைக் குறைப்பதால் மட்டும் சுவர்ப் பிரச்சினை தீராது. சுவரில் வேகம் பூஜ்யம். திரிபு வீதமோ (வேகம் இடத்துக்கு இடம் மாறும் வீதம்) அங்கேதான் உச்சம். ஸ்மகோரின்ஸ்கி மாடலுக்குத் திரிபு வீதம் ஒன்றுதான் தெரியும் என்பதால், சுழலே இல்லாத இடத்தில் பாகுநிலையைக் கொட்டும். உண்மையில் அது சுவரை நெருங்க நெருங்க, தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறைய வேண்டும். சுவரிலிருந்து உள்ள தூரத்தை வைத்துப் பாகுநிலையைக் குறைக்கும் வான் டிரீஸ்ட் தணிப்பு நேரான கால்வாயில் நன்றாகவே வேலை செய்கிறது. மூலை முடுக்குள்ள வடிவங்களில் எந்தச் சுவரிலிருந்து தூரத்தை அளப்பது என்பதே குழப்பம். நிகூவும் டுக்ரோவும் 1999-ல் கொடுத்த வேல் (WALE) மாடலுக்கு அந்தத் தூரமே வேண்டாம், வேகச் சரிவுகள் போதும். வெறும் சறுக்குப் பாய்வில் (அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் பாய்வில்) அது தானாகவே பூஜ்யமாகிவிடும். அதனால் சீரான பாய்வு கொந்தளிப்பாக மாறும் கட்டத்தை அமுக்கிவிடாது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்.

* * *

ஜெர்மானோ குழுவின் 1991 டைனமிக் மாடலை எடுத்தால் மாறிலியைத் தேட வேண்டியதில்லை. இரண்டு மடங்கு அகலமான இன்னொரு வடிகட்டியைப் போட்டு, பாய்விலிருந்தே குணகத்தை எடுத்துக்கொள்ளும். சிக்கல் எங்கே என்றால், செல்லுக்குச் செல் அந்தக் குணகம் தாறுமாறாக ஆடும், மைனஸிலும் போகும். ஒரே இடத்தில் வெகுநேரம் மைனஸில் நின்றால் மொத்தப் பாகுநிலையும் மைனஸாகி, சால்வர் வெடிக்கும் (எண்கள் கட்டுக்கடங்காமல் ஏறி ஓட்டம் நின்றுவிடும்). கால்வாயில் சுவருக்கு இணையான தளம் முழுக்கச் சராசரி எடுத்தால் அடங்கிவிடும். அப்படித் தளம் எதுவும் கிடைக்காத வடிவத்தில், பாய்மத் துகளின் பாதையோடு சராசரி எடுக்கும் 1996 லக்ராஞ்சியன் முறை கைகொடுக்கும். வெட்டுவதானால் குணகத்தைப் பூஜ்யத்தில் வெட்டாமல், மொத்தப் பாகுநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகாதபடி வெட்டுங்கள். சின்ன சுழல்களிலிருந்து பெரியவற்றுக்குத் திரும்பும் ஆற்றலில் ஒரு பங்காவது மிஞ்சும்.

* * *

மாடலைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனை: அதே மெஷ், அதே ஸ்கீம், மாடலை மட்டும் அணைத்துவிட்டு ஓட்டுங்கள். முடிவு அசையவே இல்லை என்றால் ஆற்றலைத் தின்பது மாடல் அல்ல, பாய்வு வரும் பக்கத்து மதிப்பை எடுக்கும் அப்விண்ட் ஸ்கீம். ஆற்றல் நிறமாலையையும் (எந்த அளவுச் சுழலில் எவ்வளவு ஆற்றல் என்ற வரைபடம்) பாருங்கள், கொந்தளிப்புக்கு உரிய மைனஸ் ஐந்தின்கீழ் மூன்று (-5/3) சரிவிலிருந்து வெகு முன்னாலேயே கீழே விழுந்திருக்கும். இந்த நிலையில் ஸ்மகோரின்ஸ்கிக்குப் பதில் வேல், வேலுக்குப் பதில் டைனமிக் என்று மாற்றிக்கொண்டே இருப்பது வீண் வேலை. இரு பக்கத்து மதிப்பையும் எடுக்கும் மைய வேறுபாட்டு ஸ்கீமுக்கு மாறுங்கள். மெஷ் கோணலாக இருந்து அலையலையாக வந்தால், முக்கால் பங்கு மையமும் கால் பங்கு லீனியர் அப்விண்டும் கலந்த லஸ்ட் ஸ்கீம் ஓரளவு தாங்கும்.

* * *

மெஷ் பற்றி யாரும் சொல்லவில்லை. உராய்வு ரெனால்ட்ஸ் எண் (சுவர் உராய்வு வேகத்தை வைத்துக் கணக்கிட்டது) 395 உள்ள கால்வாய், அரை உயரம் 1, நீளம் 2π, அகலம் π, இரு திசையிலும் 64 செல்: சுவர் அலகில் (அரை உயரத்தை 395 பங்காக்கினால் ஒரு பங்கு) நீளவாக்கில் 39, குறுக்கே 19 வரும். சுவரை ஒட்டிய முதல் செல் 1 அலகு. இந்த அளவுக்கு மோசர், கிம், மன்சூர் மூவரும் மாடலே இல்லாமல் நேரடியாகக் கணித்த 1999 தரவோடு ஒப்பிடலாம்.

கஞ்சத்தனம் செய்வதானால் நீளவாக்கில் செய்யுங்கள், குறுக்கே வேண்டாம். சுவரோரத்து மெதுவேகக் கோடுகளுக்கு இடைவெளி சுமார் 100 அலகு. குறுக்கே 50 வைத்தால் ஒரு கோட்டுக்கு இரண்டே செல். கோடுகள் தடித்துப்போய், நீளவாக்கு ஏற்ற இறக்கம் கூடிவிடும். மடக்கைப் பகுதியில் (வேகம் சுவர்த் தூரத்தின் மடக்கையாக ஏறும் இடத்தில்) சராசரி வேகமும் தரவுக்கு மேலே நிற்கும்.

இன்னொன்று, செல் அளவு திடீரென இரட்டிக்கும் எல்லை. நுண்ணிய பக்கத்திலிருந்து வரும் சின்ன சுழல்களைப் பெரிய செல்லால் தாங்க முடியாது, ஆற்றல் அங்கேயே அலையாகத் தேங்கும். எதிர்த்திசையில் போனால் சின்ன சுழல்கள் புதிதாக முளைக்கக் கொஞ்ச தூரம் பிடிக்கும். இந்த எல்லையைச் சறுக்கு அடுக்குக்குள் வைக்காதீர்கள்.