அமெரிக்க உயர்நிலைப்பள்ளியில் ஆங்கில வகுப்பு: இன்னும் உறுத்தும் ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள்

எடிசன் வாசகி:

ஒன்பதாம் வகுப்பின் நடுவில் திருநெல்வேலியிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தவள் நான். சேர்ந்த அன்று நடந்த மொழித் தேர்வு, லாக்கர் பூட்டு, மதிய உணவு மேசை பற்றியெல்லாம் இங்கே பலரும் எழுதிவிட்டார்கள் என்பதால் மாணவர்களே தமக்குள் பேசி விவாதிக்கும் அந்தச் சாக்ரட்டிக் செமினாருக்கு நேராக வந்துவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு வழக்கமாக வைக்கும் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகம் முடியும் தறுவாயில் இருந்தது. வகுப்பில் பாதிப் பேர் உள்வட்டத்திலும் மீதிப் பேர் வெளிவட்டத்திலும் அமர்ந்தோம். ஆசிரியை ஒரு சொல்லும் பேசவில்லை. ஒரு தாளில் எங்கள் பெயர்களை வட்டமாக எழுதி வைத்துக்கொண்டு, ஒருவர் பேச்சுக்கு இன்னொருவர் பதில் சொல்லும்போதெல்லாம் அந்த இரு பெயர்களுக்கும் இடையே ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்த மாணவன், ரோமியோவுக்குக் கடிதம் போய்ச் சேராதது வெறும் தற்செயல்தான் என்றும், கதையை முடிக்க ஷேக்ஸ்பியருக்கு அவசரம் என்றும் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். என் புத்தகத்தின் ஓரத்திலோ, ஐந்தாம் அங்கம் இரண்டாம் காட்சியில் கடிதத்தை எடுத்துச் சென்ற துறவி, கொள்ளைநோய் தாக்கிய வீட்டில் இருந்திருக்கக்கூடும் என்ற ஐயத்தால் உள்ளே வைத்துக் கதவு முத்திரையிடப்பட்டார் என்பதும், அந்தக் காலத்துப் பார்வையாளர்களுக்கு அது அன்றாடம் கண்ட அச்சம் என்பதும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. எங்கள் ஊர்ப் பள்ளியில் பெயர் சொல்லி அழைத்தால் எழுந்து நின்று பதில் சொல்வோம். இங்கே யாரும் அழைக்கவில்லை. மணி அடித்துவிட்டது.

வகுப்பு முடிந்ததும் அந்தத் தாளின் நகலை எல்லோருக்கும் கொடுத்தார். சிலந்தி வலை போன்ற கோடுகளுக்கு ஓரத்தில், எந்தக் கோடும் தொடாமல் என் பெயர் இருந்தது. மறுநாள் கொள்ளைநோய் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மிகச் சிறந்த வாசிப்பு என்று பக்க ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார். ஆனால் செமினார் மதிப்பெண்ணை மாற்றவில்லை. வாசித்தல், எழுதுதல், பேசுதலும் கேட்டலும், மொழி என்று தரநிலைகள் தனித்தனியாக இருக்கின்றன என்றும், அன்றைய மதிப்பீடு மூன்றாவதற்கு உரியது என்றும் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் அந்தத் தாளை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை.

ஃபிரிஸ்கோ அப்பா:

எடிசன் வாசகி அவர்களே, நீங்கள் தாண்டிச் சென்ற அந்த மொழித் தேர்வில்தான் எங்கள் கதை இருக்கிறது. டெக்சஸில் பிறந்து வளர்ந்த என் மகனை ஒன்பதாம் வகுப்புக்கு வேறு மாவட்டப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, பழைய ஆவணங்கள் வந்து சேராததால் வீட்டுமொழிப் படிவத்தை மீண்டும் நிரப்பச் சொன்னார்கள். தமிழ் என்று எழுதினேன். வரிசையில் பின்னால் நின்ற நம்மவர் ஒருவர், ஆங்கிலம் என்று எழுதிவிட்டால் தொல்லை இல்லை என்று என் காதோரம் சொன்னார். படிவத்தைப் பார்த்த அலுவலர் என் மகனை நோக்கிக் குனிந்து, அவனுக்கு ஆங்கிலம் தெரியுமா என்று ஒவ்வொரு சொல்லாக, மிக மெதுவாகவும் உரக்கவும் கேட்டார். அவன் என் பக்கம் திரும்பித் தமிழிலேயே, “அப்பா, இவங்களுக்கு இங்கிலீஷ் வராதா?” என்றான்.

சிரிப்பு வந்தது என்பது உண்மை. ஆனால் அவன் தேர்வு எழுதித்தான் சாதாரண ஆங்கில வகுப்புக்குள் போனான் என்பதும் உண்மை.

இனி வரப்போகும் பெற்றோருக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். படிவத்தில் இருக்கும் வீட்டுமொழிக் கேள்வி நம்மைத் தாழ்த்துவதற்காக வைத்தது அன்று. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் அறியாத சீன மாணவர்களை எந்த உதவியும் இன்றி வகுப்பில் உட்கார வைத்ததை எதிர்த்த வழக்கில், 1974-இல் உச்ச நீதிமன்றம் லாவ் எதிர் நிக்கல்ஸ் தீர்ப்பை வழங்கியது. அதன் பின்னர்தான் யாருக்கு மொழி உதவி தேவை என்று கண்டறிவது பள்ளிகளின் கடமை என்ற நிலை உறுதிப்பட்டது. ஆகவே பொய் எழுதாதீர்கள். பிள்ளைக்கு உண்மையிலேயே உதவி தேவைப்பட்டால் அதை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள். அதே சமயம், படிவத்தில் கேள்வி எந்தச் சொற்களில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ‘வீட்டில் பெரும்பாலும் எந்த மொழி’ என்று கேட்டிருந்தால், பாட்டியோடு வாரம் ஒரு முறை பேசுவது ‘பெரும்பாலும்’ ஆகாது. ஆங்கிலம் கற்பவர் என்று வகைப்படுத்திவிட்டால், தகுதி பெற்று வெளியேறும் வரை ஒவ்வோர் ஆண்டும் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கிலும் தேர்வு உண்டு. சிறப்பு வகுப்பு வேண்டாம் என்று பெற்றோர் கையெழுத்திட்டு மறுக்கலாம். ஆண்டுத் தேர்வை மறுக்க முடியாது. இதைப் பலரும் அறியாமல் பின்னர் பள்ளியில் சண்டை போடுகிறார்கள்.

உங்கள் செமினாரைப் பற்றி ஒன்று சொல்லலாமா? அது ஆங்கிலத்தின் சிக்கலாக எனக்குப் படவில்லை. இங்கேயே பிறந்த, கூச்சம் மிகுந்த பிள்ளைகளின் பெயரிலும் கோடு விழுவதில்லை.

குவீன்ஸ்காரன்:

என் கதை சிறியது. நியூ யார்க்கில் பதினொன்றாம் வகுப்பில், மாநிலம் நடத்தும் ரீஜன்ட்ஸ் தேர்வுகளில் ஆங்கிலத் தேர்வை எழுதினேன். அதன் இரண்டாம் பகுதியில் ஒரு வினாவையும் அதை ஒட்டிய நான்கு உரைப்பகுதிகளையும் கொடுத்து, ஒரு பக்கம் சாய்ந்து வாதிடச் சொல்வார்கள். குறைந்தது மூன்று உரைகளிலிருந்து சான்று காட்ட வேண்டும். உரைகளைப் படித்து முடித்தபோது நான் நம்பிய பக்கத்துக்குச் சான்றுகள் சிதறிக் கிடந்தன, எதிர்ப்பக்கத்துக்கோ வரி எண்களோடு எடுத்துக்கொள் என்று வரிசையில் நின்றன. பட்டிமன்றத்தில் கொடுத்த அணிக்குப் பேசுபவரைப் போல மறுபக்கத்தை எடுத்துக்கொண்டு, நடுவரே கலங்கும் அளவுக்கு எழுதிவிட்டு வந்தேன். மதிப்பெண் மிக நன்றாகவே வந்தது. தேர்வறையில் பேனாவை எடுத்து, என் கருத்தைக் கைவிட்ட அந்த நொடி மட்டும் இன்றுவரை நினைவில் இருக்கிறது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதுதான் உறுத்தல்.

இன்னொரு வருத்தமும் உண்டு. அந்த ஆண்டு முழுவதும் நாங்கள் படித்த நாவல் ஒன்றே ஒன்று. மற்றவை எல்லாம் உரைகள், செய்திக் கட்டுரைகள், வரைபடங்கள். 70 விழுக்காடு தகவல் நூல்களாக இருக்க வேண்டும் என்று, பல மாநிலங்கள் ஏற்ற ‘காமன் கோர்’ பொதுத் தரநிலை சொன்னதால் ஆங்கில வகுப்பிலிருந்து கதையை வெளியேற்றிவிட்டார்கள்.

ஃபிரீமான்ட் ஆசிரியை:

தம்பி, அந்த 70 விழுக்காட்டை எல்லோரும் இப்படித்தான் மேற்கோள் காட்டுகிறார்கள், பள்ளி நிர்வாகிகள் உட்பட. 2010-இல் வந்த பொதுத் தரநிலை ஆவணத்தில் அந்த அட்டவணை இருக்கிறது: நான்காம் வகுப்பில் இலக்கியமும் தகவலும் சரிபாதி, எட்டாம் வகுப்பில் 45-க்கு 55, பன்னிரண்டாம் வகுப்பில் 30-க்கு 70. ஆனால் அது மாணவர் எல்லாப் பாடங்களிலும் சேர்த்து வாசிப்பவற்றின் கணக்கு. வரலாற்று ஆவணமும் அறிவியல் கட்டுரையும் அதில் அடங்கும். ஆங்கில வகுப்பு இலக்கியத்தை மையமாகக் கொண்டே இருக்கலாம் என்பதற்கு அந்த ஆவணத்திலேயே இடமுண்டு. அந்த எண்களையும் தேசிய மதிப்பீட்டுத் தேர்வின் 2009 வாசிப்புச் சட்டகத்திலிருந்து எடுத்தார்கள். மற்றப் பாட ஆசிரியர்கள் வாசிக்க வைக்கவில்லை என்பதால் சுமை முழுவதும் எங்கள் தலையில் விழுந்தது என்பது வேறு கதை. டெக்சஸ் இதை ஏற்கவே இல்லை என்பதால் ஃபிரிஸ்கோ ஐயாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே உயர்நிலைப்பள்ளிப் பட்டயம் பெற எழுத வேண்டிய ஐந்து பாடத்தேர்வுகளில் இரண்டு ஆங்கிலம் என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

எனக்கும் ஒரு நிகழ்வு உண்டு. ஒரே பத்தியில் நான்கு மேற்கோள் வைத்து எழுதும் பிள்ளைகளிடம், ஒவ்வொரு மேற்கோளுக்குப் பிறகும் ‘அதனால் என்ன?’ என்று தம்மையே கேட்டுக்கொள்ளச் சொல்வேன். ஒரு முறை சக மாணவர் திருத்தத்தின்போது தமிழ்ப் பெண் ஒருத்தி, தன் தோழி இறந்துபோன தாத்தாவைப் பற்றி எழுதிய கட்டுரையின் ஓரத்தில், நான் கற்பித்தபடியே சிவப்பு மையில் அந்தக் கேள்வியை எழுதிவிட்டாள். தோழி அழுதுகொண்டே வகுப்பை விட்டு ஓடினாள். இவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. நான் சொன்னதைத்தானே செய்தேன் என்ற வியப்பு மட்டும் இருந்தது.

இவ்வளவு பெற்றோர் வாசிப்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் பட்டயத்துக்கு மூன்று ஆண்டு ஆங்கிலம் போதும் என்று மாநிலச் சட்டம் சொன்னாலும், மாநிலப் பல்கலைக்கழக அமைப்புகள் இரண்டும் (யூசி, சிஎஸ்யூ) நான்கு ஆண்டுகள் கேட்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தை விட்டுவிட்டுக் கூடுதல் கணினி வகுப்பு எடுக்கலாமா என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு பெற்றோராவது என்னிடம் கேட்கிறார். கூடாது. பதினொன்றாம் வகுப்பில் பலர் எடுக்கும், கல்லூரி நிலையிலான ஏபி ஆங்கில மொழி வகுப்பின் தேர்வில் மூன்று கட்டுரைகள் உண்டு: கொடுத்த ஆவணங்களைத் தொகுத்து வாதிடுவது, ஒருவருடைய உரையின் சொல்லாட்சியைப் பகுத்தாய்வது, சொந்த வாதம். ஒவ்வொன்றுக்கும் ஆறு புள்ளிகள். அவற்றில் நான்கு, சான்றுக்கும் அதை விளக்கும் பகுதிக்கும் போகின்றன, மையக்கருத்துக்கு ஒன்றுதான். நம் பிள்ளைகள் அழகான முன்னுரைக்குப் பதினைந்து நிமிடம் செலவிட்டுவிட்டு விளக்கத்தில் தோற்கிறார்கள். கடினமான சொற்களைத் தேடிப் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வில் கட்டுரைப் பகுதி 2021-இலேயே பெரும்பாலும் நின்றுவிட்டது; இன்றைய கணினித் தேர்வில் ஒரு சிறு பத்திக்கு ஒரு கேள்விதான். ஆகவே நீண்ட நூலைப் பொறுமையாக வாசிக்கும் பழக்கம் அந்தப் பயிற்சி வகுப்புகளில் வராது. கோடையில் ஒரு முழு நாவலையாவது, கையில் பென்சிலோடு, திறன்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் படிக்கச் செய்யுங்கள்.

ஃபிரிஸ்கோ அப்பா:

ஆசிரியை அவர்களே, நான் சொல்லாமல் விட்டதற்குக் காரணம், என் மகன் அந்த இரண்டையும் முதல் முறையிலேயே தேறிவிட்டான் என்பதுதான். கணினி வகுப்புப் பற்றி நீங்கள் சொன்னது எங்கள் வீட்டில் இப்போதே ஒரு சண்டையைத் தொடங்கிவைத்துவிட்டது.

எடிசன் வாசகி:

கூச்சம் என்று ஃபிரிஸ்கோ ஐயா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வீட்டில் என்னைப் பேச விடாமல் தடுக்கத்தான் எல்லோரும் பாடுபடுவார்கள். தயக்கம் இயல்பில் இருந்து வருவதும், பேசுவதற்கான முறை எது என்று தெரியாமல் வருவதும் ஒன்றல்ல.

கேரி அம்மா:

வட கரோலினாவிலிருந்து எழுதுகிறேன். என் மகன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. சென்ற அக்டோபரில், ஒரு கவிதையைப் பற்றி அவன் எழுதிய பகுப்பாய்வைச் செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று ஒரு மென்பொருள் குறித்துவிட்டது. பூஜ்யம் போட்டு, துணை முதல்வரின் அறைக்கு எங்களையும் அழைத்தார்கள்.

அவன் அழவில்லை. மடிக்கணினியைத் திறந்து, கட்டுரை எழுதிய ஆவணத்தின் திருத்த வரலாற்றைத் திரையில் ஓடவிட்டான். எங்கள் நால்வர் கண்முன் அந்தக் கட்டுரை முதல் சொல்லிலிருந்து மறுபடியும் தன்னைத்தானே எழுதிக்கொண்டது. ஒரு வாக்கியத்தை எழுதி, அழித்து, மீண்டும் எழுதி, நள்ளிரவு கடந்து முழுப் பத்தியையே அழித்திருந்தான். ஓரிடத்தில், எனக்கு இந்தக் கவிதை பிடிக்கவில்லை என்று எழுதிவிட்டு உடனே நீக்கியிருந்ததையும் ஆசிரியை உட்பட எல்லோரும் பார்த்தோம். அதைப் பார்த்தபோதுதான் அவன் முகம் சிவந்தது. திருட்டுப் பழியைத் தாங்கியவனுக்கு, தான் தனியாக நினைத்தது பொதுவில் தெரிந்ததுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேடியபோது கண்ணில் பட்டது: 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இத்தகைய கண்டறியும் மென்பொருள்கள் ஏழைச் சோதித்ததில், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேலானவற்றை அவை இயந்திரம் எழுதியவை என்று தவறாகச் சொல்லியிருக்கின்றன. எளிய, எதிர்பார்க்கத்தக்க சொற்களைக் கொண்ட நடைதான் அங்கே பழிக்கு ஆளாகிறது. ஃபிரீமான்ட் அக்கா, கடினமான சொற்களைப் போட வேண்டாம் என்ற உங்கள் அறிவுரையை அந்தப் பழி வருவதற்கு ஒரு நாள் முன்னர் படித்திருந்தால் தலையசைத்திருப்பேன். இப்போது அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவன் தன் போக்கில் முதல் வரைவைக் கையால் எழுதித் தேதியிட்டு ஒரு கோப்பில் சேர்த்து வைக்கத் தொடங்கிவிட்டான்.

பூஜ்யத்தை நீக்கினார்கள். உரிய மதிப்பெண் வந்தது. வருத்தம் என்று ஆசிரியை எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கல்லூரி விண்ணப்பத்துக்கான பரிந்துரைக் கடிதத்தைப் பதினொன்றாம் வகுப்பு ஆங்கில ஆசிரியரிடம் கேட்பதுதான் இங்கே வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். மே மாதத்துக்குள் அவன் அவரிடம் போய்க் கேட்க வேண்டும்.